ஏழாவது இன்னிங்ஸில் நகரக்கூடாது

ஒரு கரண்டி ஐஸ் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு வில்மா அடுப்புக்குப் பக்கத்தில் நின்றாள். நகரக்கூடாது என்று தம்பி சொல்லியிருந்தான். கரண்டியை இடக்கைக்கு மாற்றக்கூடாது, ஸ்டூலில் உட்காரக்கூடாது, ஜன்னலைச் சாத்தக்கூடாது. ஐஸ் உருகி மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. நானூறு பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிற பள்ளிக்கூடச் சமையலறையை இருபது வருஷமாக ஆள்கிறவள், நாற்பத்தெட்டு வயதில், அப்பா வீட்டு அடுப்படியில் வாத்தியார் நிற்க வைத்த பிள்ளை மாதிரி நின்றாள்.

அப்பாவின் கட்டில் முன்னறையில் கிடந்தது. வில்மா நின்ற இடத்திலிருந்து பார்த்தால் போர்வைக்குள் முட்டிக்கொண்டிருந்த இரண்டு பாதங்கள் தெரியும், தம்பி ஜீனின் முதுகு தெரியும், அவன் முழங்காலை ஒட்டி நாற்காலிமேல் வைத்திருந்த ரேடியோ தெரியும். மீதி அப்பாவைக் குளிர்பெட்டி மறைத்தது. ரேடியோவில் ஹெரன்ஸ் பேஸ்பால் அணியின் வர்ணனையாளர் பேசிக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறவர் குரல் அவருக்கு. எந்த அவசரமும் கிடையாது. ஏழாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், மூன்று பேஸிலும் ஆள் நிற்கிறார்கள், ஏரியிலிருந்து காற்று வருகிறது என்றார்.

வில்மா இப்படி அடுப்படியில் மாட்டிக்கொண்டது ஐஸால் வந்த வினை. அப்பாவுக்கு உதடு காய்ந்துகொண்டே இருந்தது. தண்ணீர் விழுங்க முடியாமல் போய் மூன்று நாளாகிறது. ஐஸ் துண்டை உதட்டில் வைத்தால் சப்பிக்கொள்வார். ஹெரன்ஸ் நான்குக்குப் பூஜ்யம் என்று பின்தங்கியிருந்த நேரத்தில் வில்மா ஐஸ் எடுக்க உள்ளே வந்தாள். வந்த நிமிஷம் ஒருவன் பந்தை அடித்து முதல் பேஸுக்கு ஓடிவிட்டான். அவள் கட்டிலுக்குத் திரும்பியதும் அடுத்தவன் அவுட். ஐஸ் போதவில்லை என்று மறுபடி உள்ளே வந்தாள். மறுபடி ஓர் அடி. ஜீன் மெதுவாகத் திரும்பிப் பார்த்தான். அந்த வீட்டில் பிறந்தவர்களுக்கு அந்தப் பார்வை போதும்.

"இப்ப அடிச்சானே, அப்ப நீ எங்க நின்னே?" என்று மட்டும் கேட்டான்.

"அடுப்புகிட்ட."

"போய் அங்கயே நில்லு. கையில என்ன இருந்துச்சோ அது இருக்கட்டும்."

அவள் முறைத்தாள். விளையாடுகிற நேரமா இது என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் தலையணையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. காலையிலிருந்து அவர் பேசிய முதல் தெளிவான வார்த்தை அது. "வில்கா, அவன் சொல்றதக் கேளு" என்றார். கண்ணைத் திறக்கவில்லை. சின்னப் பெண்ணாக இருந்தபோது கூப்பிட்ட பெயரைச் சொல்லி அடுப்படிக்கு அனுப்புகிறவரிடம் என்ன வாதாடுவது? போய் நின்றாள். அடுத்தவன் மட்டையையே அசைக்காமல் நான்கு மோசமான பந்துகளைப் பார்த்துவிட்டு முதல் பேஸுக்கு நடந்தான். மூன்று பேஸும் நிறைந்தன.

இந்தப் பழக்கத்தைக் குடும்பத்தில் கொண்டுவந்தவள் அவளுடைய அம்மாதான் என்று சொல்ல வேண்டும். வில்மாவுக்கு ஏழு வயதிருக்கும்போது, ஹெரன்ஸ் லீக் கோப்பையை வாங்கிய ஒரே வருஷம், அம்மா வெளியே கிளம்புகிறவள் மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு குளியலறைக்குள் போனாள். அவள் உள்ளே இருக்கும்போது இரண்டு ஓட்டம் வந்தது. அப்பா வெளியே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டார். நான்கு இன்னிங்ஸ் அம்மா தொட்டி விளிம்பில் கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தாள். கோப்பையை ஜெயித்துக் கொடுத்தது பந்து வீசியவன் இல்லை, நான்தான் என்று சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் மறுத்ததில்லை.

ஹெரன்ஸ் என்றால் நாரைகள். ஏரிக்கரை ஊர் என்பதால் அந்தப் பெயர். ஒற்றைக்காலில் நின்று வேடிக்கை பார்ப்பதில் மட்டும் பெயரைக் காப்பாற்றுகிறார்கள் என்பது போர்ட் ஆலனில் ரொட்டிக்கடையிலிருந்து கோயில் வாசல்வரை எல்லோரும் சொல்கிற கேலி. எட்டு அணிகள் இருக்கிற லீகில் பதினொரு வருஷமாகக் கடைசி இடம். இந்த வருஷமும் ஏப்ரலில் தொடங்கும்போதே ஒன்பது ஆட்டம் வரிசையாகத் தோற்றார்கள். அதே ஏப்ரலில்தான் டாக்டர் அப்பாவின் நுரையீரல் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஜூனைத் தாண்டாது என்றார். அப்பா தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"சீசன் முடியட்டும், டாக்டர். நடுவுல எழுந்து போற பழக்கம் எனக்கில்ல."

முப்பத்தொரு வருஷம் ஒன்பதாம் நம்பர் பஸ் ஓட்டியவர் அப்பா லாடி கோவார். ஏரிக்கரையிலிருந்து பேஸ்பால் மைதானத்துக்குப் போகிற பஸ். ஊரில் பாதிப் பேரை மைதானத்துக்குக் கொண்டுபோய் விட்டு, ஆட்டம் முடிந்ததும் முகத்தைத் தொங்கப் போட்டவர்களைத் திரும்ப ஏற்றி வந்தவர். மே போனது, ஜூன் போனது. அணி தோற்றுக்கொண்டே இருந்தது, அப்பா இளைத்துக்கொண்டே இருந்தார், இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நடப்பதுபோல ஆகஸ்டைத் தாண்டின. ஆட்டம் இல்லாத நாட்களில் அவருக்கு மூச்சு வாங்கும். ஆட்டம் உள்ள நாளில் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்து, இவனெல்லாம் எதற்கு மட்டையைத் தூக்குகிறான் என்று திட்டுவார். பாதிரியார் வந்து நெற்றியில் எண்ணெய் பூசி ஜெபித்த அன்றுகூட, ஆமென் சொன்ன கையோடு ஸ்கோர் என்ன என்று பாதிரியார்தான் கேட்டார்.

செப்டம்பரில் ஒரு விந்தை நடந்தது. டன்மோர் என்கிற இன்னோர் ஊர் அணி, நம்மைவிட மோசமாக ஆடத் தொடங்கியது. சீசனின் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தபோது இரண்டு அணிகளும் சரிசமமாக அடிமட்டத்தில் கிடந்தன. டன்மோர் காலையிலேயே ஆடித் தோற்றுவிட்டது. இன்று மதியம் ராக்லி அணியை ஜெயித்தால் ஹெரன்ஸுக்கு ஏழாம் இடம். ஏழாம் இடத்துக்குக் கோப்பை கிடையாது, ஊர்வலம் கிடையாது. ஆனால் கடைசி இடம் இல்லை. அதற்காக ஊரே குளித்துத் தொப்பி போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போயிருந்தது.

வில்மாவுக்கு ஏழாம் இடமும் எட்டாம் இடமும் ஒன்றுதான். அவளுக்கு வேண்டியது வேறு. ஆறு வருஷத்துக்கு முன்னால் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான்கு நாள் பக்கத்திலேயே இருந்துவிட்டு, காரை நிழலுக்கு நகர்த்தி வைக்க என்று கீழே போனாள். பதினொரு நிமிஷம். திரும்பி வந்தபோது நர்ஸ் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பதினொரு நிமிஷத்தை வில்மா ஒருநாளும் மன்னித்ததில்லை. அம்மா கடைசியாகக் கண்ணைத் திறந்து பார்த்தபோது காலி நாற்காலிதானே தெரிந்திருக்கும் என்ற நினைப்பு, பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்கு தோல் சீவும்போதெல்லாம் வந்து நிற்கும். அதனால் ஜூனிலேயே அப்பாவிடம் சொல்லிவிட்டாள். "நீங்க போறப்ப உங்க கையப் பிடிச்சுக்கிட்டு இருப்பேன். ஊர் இடிஞ்சாலும் நகர மாட்டேன்" என்றாள். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டே, ரொம்ப இறுக்கிப் பிடிக்காதே, உனக்கு உங்கம்மா கை என்றார்.

அதற்காகவே பள்ளிக்கூடத்துக்கு விடுப்பு போட்டு நாலு வாரமாகக் கட்டிலுக்குப் பக்கத்தில் மடக்குக் கட்டிலில் படுத்தாள். ஜீன் இரண்டு நாளைக்கு முன்புதான் நூற்றைம்பது மைல் காரோட்டி வந்தான். நேற்று முழுக்க அப்பா மருந்து மயக்கத்தில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். மைதானமும் ஊரும் அவருக்குள் கலந்துவிட்டிருந்தன. "ரெண்டாவது பேஸ், ஃபுல்டன் தெரு. இறங்கறவங்க முன்னால வாங்க" என்றார். வில்மா பயணியாகி, நான் ஏரிக்கரைக்குப் போகணும் என்றாள். அது எதிர்த்திசை பஸ், ரோட்டைத் தாண்டி நில்லு என்று பதில் வந்தது. எப்போதோ செத்துப்போன ஆட்டக்காரர்களெல்லாம் பின் இருக்கைகளில் உட்கார்ந்து மட்டையைத் தரையில் தட்டுகிறார்கள் என்று புகார் சொன்னார். பெயர் பெயராகச் சொல்லிச் சும்மா இருக்கச் சொன்னார். அவர்கள் அடங்கிவிட்டார்கள் போல. பிறகு நிம்மதியாகத் தூங்கினார்.

ரேடியோவில் சட்டென்று கூட்டம் இரைந்தது. பந்து இடப்பக்கம் தரையோடு உருண்டு போய்விட்டது, இரண்டு பேர் எல்லா பேஸையும் சுற்றி வீடு வந்து சேர்ந்தார்கள், இரண்டு ஓட்டம் என்றார் வர்ணனையாளர். நான்குக்கு இரண்டு. ஜீன் ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டி, அங்கேயே நில் என்று உள்ளங்கையைக் காட்டினான். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்ப்பதும் நகர்வதுதான்.

அடுத்தவனும் நடந்தே முதல் பேஸுக்குப் போனான். மறுபடி மூன்று பேஸும் நிரம்பின. கோர்பெல் என்கிற பையன் மட்டையோடு வந்தான். இந்த சீசனில் அவன் ஓட்டை வாளியால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான் என்று அப்பா ஜூலையில் சொல்லியிருந்தார். இரண்டு முறை காற்றை வெட்டினான். மூன்று பந்து வெளியே போனது. இனி ஒரே ஒரு பந்து. தவறவிட்டால் மூன்றாவது அவுட், இன்னிங்ஸ் முடிந்தது.

அந்த இடத்தில்தான் வில்மாவுக்கு அப்பாவின் மூச்சு கேட்டது. சரியாகச் சொன்னால், கேட்கவில்லை. வீட்டுக்கு வந்துபோகிற நர்ஸ் ஓடெட், முந்தாநாள் வாசலில் வைத்து அவளிடம் சொல்லியிருந்தாள். மூச்சு விட்டுவிட்டு வரும், நடுவில் இடைவெளி நீளும், நீண்டுகொண்டே போகும் என்று. காலையிலிருந்து வில்மாவின் காது அந்த மூச்சோடு கட்டிப் போட்டிருந்தது. பாத்திரம் கழுவினாலும் கேட்கும், ரேடியோ இரைந்தாலும் கேட்கும். இப்போது இல்லை. எண்ணினாள். எட்டு, ஒன்பது, பத்து. பிறகு ஒரு மூச்சு வந்தது, கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிற மாதிரி.

போகவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஐந்தடி எடுத்து வைத்தால் கட்டில். ஆனால் கால் கிளம்பவில்லை. பயத்தால் இல்லை. இவள் நகர்ந்து கோர்பெல் அவுட்டாகிவிட்டால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். கண் மூடியிருந்தாலும் தெரியும். இந்த வருஷம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு இந்த ஒரு மதியத்துக்காகக் காத்திருந்தவருக்கு, கையைப் பிடிக்கிறேன் என்று அதைக் கெடுத்துவிட்டுப் போவதா? ஒரே ஒரு பந்து. அது முடிந்ததும் போய்விடலாம் என்று நினைத்தாள்.

கோர்பெல் அந்தப் பந்தைக் கோட்டுக்கு வெளியே தட்டிவிட்டான். அவுட் இல்லை, ஓட்டமும் இல்லை. மறுபடி வீச வேண்டும்.

இன்னும் ஒரு பந்து. அதையும் வெளியே தட்டினான். இன்னும் ஒன்று. அதையும்.

மதியம் அப்படியே நின்றுவிட்டது போலிருந்தது. ஜன்னல் திரை காற்றில் உள்ளே வந்து, வெளியே போகாமல் தயங்கியது. ஆறாவது பந்து, கூரைமேல் போய் விழுந்தது என்றார் வர்ணனையாளர். யார் வீட்டுக் கூரை என்றும் சொன்னார். வில்மாவுக்கு அந்த வீடு தெரியும். அந்த ஓட்டில் பந்து உருண்டு இறங்குவதைக்கூட அவளால் பார்க்க முடிந்தது. பச்சைப் புல்வெளி நடுவே ஒன்பதாம் நம்பர் பஸ் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பதும், அதில் ஏறுகிறவர்கள் வரிசையாகத் தொப்பியைக் கழற்றுவதும், அம்மா கோட்டுப் பட்டனைப் போட்டுக்கொண்டே ஜன்னலோரம் உட்காருவதும் தெரிந்தது. ஏழாவது பந்து. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று உள்ளே எண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு மூச்சு. எட்டாவது பந்து. போர்வைக்குள் இருந்த பாதங்களையே பார்த்தாள். "இருங்க, இதோ வந்துட்டேன்" என்று வாய்க்குள்ளேயே சொன்னாள். கரண்டியில் ஐஸ் முழுக்கத் தண்ணீராகிவிட்டிருந்தது. அடுப்புமேல் இருந்த கடிகாரத்தில் மூன்று பன்னிரண்டு.

ஒன்பதாவது பந்தைக் கோர்பெல் அடித்தான். வலப்பக்கச் சுவர் ஓரமாகப் போய் விழுந்து உருண்ட பந்தைத் துரத்திய ஆட்டக்காரன் வழுக்கி விழுந்தான். ஒருவன் வீடு வந்தான், இரண்டாமவன் வந்தான், மூன்றாமவன் வந்தான். இத்தனை வருஷம் ஊர்க்கதை பேசிய வர்ணனையாளர் முதல்முறையாகக் கத்தினார். ஐந்துக்கு நான்கு. ஜீன் நாற்காலியிலிருந்து எழும்பி, ரேடியோவை ஒரு குத்துக் குத்தி, மறுகையால் போர்வையைத் தட்டித் தட்டி, "அப்பா, முன்னால வந்துட்டோம், கேட்டுச்சா, முன்னால வந்துட்டோம்" என்றான்.

வில்மா கரண்டியை எங்கே போட்டாள் என்று தெரியாது. கட்டிலுக்கு வந்து கையை எடுத்தாள். கை சூடாகத்தான் இருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது, யாரோ எதிர் இருக்கையிலிருந்து பேசுவதைக் கேட்கிறவர் முகம். பன்னிரண்டு எண்ணினாள், இருபது எண்ணினாள். நாற்பதுக்குமேல் எண்ணவில்லை. ஜீன் தட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினான்.

ரேடியோவில் அடுத்தவன் அவுட்டாகி இன்னிங்ஸ் முடிந்தது. ஏதோ பர்னிச்சர் கடை விளம்பரம் பாடியது. இரண்டு பேரும் கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றார்கள். ஜீன் டெலிபோனைப் பார்த்தான். நர்ஸுக்குச் சொல்லணுமே என்றான். கையை நீட்டினான், எடுக்கவில்லை.

"முடியட்டும்" என்றாள் வில்மா.

அவன் உட்கார்ந்தான். அவளும் உட்கார்ந்தாள். ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். பிறத்தியார் பார்த்தால் என்ன நினைப்பார்களோ, செத்தவரை நடுவில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் இரண்டும் ஆட்டம் கேட்டன. எட்டாவது இன்னிங்ஸில் ஒன்றும் நடக்கவில்லை. மேப்பிள் மர நிழல் சுவரில் இறங்கிப் படுக்கைக்கு வந்தது. அப்பாவின் விரல் நுனிகள் குளிர்ந்தன, பிறகு உள்ளங்கை. வில்மா தன் இரண்டு கைக்குள்ளும் அதை வைத்துச் சூடேற்றிக்கொண்டிருந்தாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. ஒருமுறை எழுந்து போய் மூக்கைத் துடைத்துக்கொள்ள நினைத்தவள், ஹெரன்ஸ் பந்து வீசுகிற நேரம் என்பதால் அப்படியே இருந்தாள்.

கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் ராக்லிக்காரன் ஒருவன் நடந்து முதல் பேஸுக்குப் போனான். அடுத்தவன் அடித்த அடியில் பந்து வேலியைத் தாண்டி வாகனங்கள் நிறுத்துகிற இடத்தில் போய் விழுந்தது. இருவரும் வீடு வந்து சேர, ராக்லிக்கு ஆறு, ஹெரன்ஸுக்கு ஐந்து. ஹெரன்ஸுக்கு மிச்சமிருந்த மூன்று பேரும் பன்னிரண்டு பந்துகளுக்குள் அவுட்டாகி வீட்டுக்குப் போனார்கள். பன்னிரண்டாவது வருஷமும் கடைசி இடம். வர்ணனையாளர் தன் பழைய குரலுக்குத் திரும்பியிருந்தார். சீசன் முழுக்கக் கூட இருந்ததற்கு நன்றி, குளிர்காலத்தில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

ஜீன் ரேடியோவை அணைத்தான். தோள் குலுங்கியது. அழுகிறான் என்று வில்மா நினைத்தாள். சிரித்துக்கொண்டிருந்தான்.

"பாத்தியா இந்த ஆளை" என்றான். "முன்னால இருக்கறப்பவே எறங்கிட்டாரு. இருந்திருந்தா இதையும்ல கேட்டிருப்பாரு."

அவளால் சிரிக்க முடியவில்லை. "நான் அங்க நின்னேன் ஜீன். மூச்சு நிக்குது நிக்குதுன்னு எண்ணிக்கிட்டே நின்னேன். ஒரு பந்து, ஒரு பந்துன்னு. அம்மாவுக்காவது எனக்குத் தெரியாம நடந்துச்சு."

அவன் சிரிப்பு நின்றுபோயிற்று. ரேடியோவின் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தான். தானும் பார்க்கவில்லை என்றான். ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தும் கோர்பெல்லையே கேட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னான். சந்தோஷத்தில் போர்வையைத் தட்டினேனே, அப்போது இருந்தாரா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது என்றான். பிறகு எழுந்து போய் நர்ஸுக்குப் போன் செய்தான்.

ஓடெட் அரைமணியில் வந்தாள். போர்ட் ஆலனிலேயே பிறந்து வளர்ந்தவள், ஐம்பதைத் தொட்ட பெரிய உடம்புக்காரி. ஞாயிற்றுக்கிழமை என்பதால் நர்ஸ் உடையில்லாமல் பூப்போட்ட சட்டையில் வந்திருந்தாள். படியேறும்போதே ராக்லிக்காரனுக்கு அந்தப் பந்தை வீசியவனைப் பற்றி ஒரு வார்த்தை முணுமுணுத்தாள், ஜீன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். வில்மாவை ஒருமுறை கட்டிக்கொண்டாள். பிறகு கட்டிலுக்குப் போய்க் கழுத்தில் விரல் வைத்தாள், இமையைத் திறந்து பார்த்தாள், தாடையை லேசாக அசைத்துப் பார்த்தாள். அது கொஞ்சம் இறுகத் தொடங்கியிருந்தது. பையிலிருந்து தாளை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டாள்.

"எத்தனை மணி இருக்கும்?"

"மூணு பன்னெண்டு" என்றாள் வில்மா.

ஓடெட் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்தாகப் போகிறது. எழுதிக்கொண்டாள்.

"கிட்ட யாரு இருந்தீங்க?"

ஜீன் தரையைப் பார்த்தான். அவன் ஒன்றும் மறுத்துச் சொல்லமாட்டான் என்பது வில்மாவுக்குத் தெரிந்தது. நான்தான், கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் தாளில் அப்படியே ஏறிவிடும். நாளைக்குக் கோயிலில் கேட்கிறவர்களுக்கும் அதையே சொல்லலாம். இன்னும் பத்து வருஷம் சொன்னால் தனக்கே அப்படித்தான் ஞாபகம் வரும். வாயில் அந்த வார்த்தை வந்து நின்றது.

"ஜீன் கிட்ட இருந்தான். நான் அடுப்படில நின்னேன்" என்றாள். "நான் அங்க போனப்புறந்தான் அடிக்க ஆரம்பிச்சாங்க. நகர முடியல."

பேனா தாள்மேல் நின்றது. வேற்றூர் நர்ஸாக இருந்தால் புரியாமல் நிமிர்ந்து பார்த்திருப்பாள். அல்லது பாவம் என்று தோளைத் தொட்டு, நீங்கள் உங்களையே குற்றம் சொல்லிக்கொள்ளக்கூடாது என்று ஆரம்பித்திருப்பாள். ஓடெட் அப்படி எதுவும் செய்யவில்லை.

"கோர்பெல் ஆடினப்பவா?"

"ஆமா."

"ரெண்டு அவுட்டு, மூணு பேஸும் ரொம்பி இருந்துச்சு."

"ஆமா."

ஓடெட் மூக்கை உறிஞ்சினாள். "எங்க வீட்டுல மாமியார மாடிப்படில நிக்க வெச்சிருந்தோம். எட்டு பந்து. அவங்களுக்கு மூட்டு வலி வேற" என்றாள். பிறகு வில்மாவைப் பார்த்து, பெரியவர்கள் முடிந்துபோன ஒரு காரியத்தைப் பேசிக்கொள்கிற குரலில் சொன்னாள். "நீ நகந்திருந்தா லாடி உன்ன மன்னிச்சிருக்க மாட்டாரு." தாளில் குனிந்து, குடும்பத்தார் இருவரும் உடனிருந்தனர் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள்.

வில்மாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. சத்தம் போட்டெல்லாம் இல்லை. நின்றபடியே, ஏப்ரலிலிருந்து சேர்த்து வைத்திருந்த எல்லாம் தாடை வழியாக இறங்கிச் சட்டைக் கழுத்தை நனைத்தது. ஓடெட் அதைப் பார்க்காதவள் போல, வெந்நீர் வைக்கவேண்டும், முகத்தைத் துடைத்துவிடலாம், துணி எங்கே இருக்கிறது என்று ஜீனைக் கேட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

வெளியே தெருவில் பேச்சுச் சத்தம் வரத் தொடங்கியது. மைதானத்திலிருந்து நடந்து வருகிறவர்கள். தோற்றுவிட்டு வருகிற கூட்டம் என்று சொல்ல முடியாது, அவ்வளவு கலகலப்பாக இருந்தார்கள். யாரோ கோர்பெல் ஓடிய மாதிரி ஓடிக் காட்ட, பெண்கள் சிரித்தார்கள். சாய்வெயில் அவர்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்ததால் முகங்கள் தெரியவில்லை, தொப்பிகள் மட்டும் ஓரத்தில் பொன்னாக மினுங்கின. வீட்டுக்கு நேரே வந்ததும் ஒருவர் நடையைக் குறைத்து, திறந்திருந்த ஜன்னலை அண்ணாந்து பார்த்தார்.

"லாடி, கேட்டியா அந்தக் கூத்த?" என்று குரல் கொடுத்தார். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

வில்மா ஜன்னலுக்குப் போனாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சொல்லிவிடலாம்தான், எப்படியும் விடிந்தால் ஊருக்கெல்லாம் தெரியப்போகிறது. கூட்டம் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது, அந்த மனிதர் மட்டும் பதிலுக்காக நின்றார்.

"அடுத்த வருஷம்" என்றாள்.

அவர் தொப்பியை ஒருமுறை தூக்கிக் காட்டிவிட்டு, மற்றவர்களைப் பிடிக்க எட்டி நடந்தார்.